மலையடிவாரச் சாட்சிகள் – 9: கண்ணாடி இல்லாத வீடு

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வயதான அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார். "ஏங்கய்யா, நாப்பது வருசமா சபைக்கு வர்றனுங்க. ஆனா ராத்திரி படுத்தா, இன்னைக்கு ஆண்டவருக்குச் சரியாக் கீழ்ப்படிஞ்சமா, ஜெபத்துல மனசு நின்னுச்சா, கொடுத்தது போதுமான்னு கணக்குப் போட்டே தூக்கம் போயிருதுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. வீடு திரும்பும் வழியில், சேந்தமங்கலத்துக்கு அப்பால் கொல்லிமலை சுவர் எழுப்பியது போல் நின்றது. அவருக்குச் சொல்ல வேண்டியது அந்த மலையில்தான் இருக்கிறது.

ஈவ்லின் பிராண்ட் 1879இல் பிறந்தவர். லண்டனில் வசதியான வணிகக் குடும்பம், ஓவியம் பயின்றவர். 1913இல் சேந்தமங்கலத்தில் மிஷனரி ஜெஸி பிராண்டை மணந்து, மணமான கையோடு கொல்லிமலையில் குடியேறினார். இன்றைய எழுபது கொண்டை ஊசி வளைவுகள் அன்று இல்லை. நடந்து ஏற வேண்டும், அல்லது டோலியில் தூக்கிப் போக வேண்டும். ஜெஸி மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். ஜனங்கள் படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொள்வதால்தான் நரம்புச்சிலந்தி பரவுகிறது என்று எடுத்துச் சொல்லி, கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பவைத்தார்.

ஆனால் பல ஆண்டுகள் ஒருவர்கூட அவர்கள் சொன்ன செய்தியை ஏற்கவில்லை. அவர்களைக் கடுமையாக எதிர்த்த பூசாரி ஒருவர் விஷக்காய்ச்சலில் விழுந்தார். உலகையே வாரிக்கொண்டு போன இன்ஃப்ளூயன்சா காலம் அது. நெருங்கப் பயந்து மற்றவர்கள் விலகிவிட, பிராண்ட் தம்பதியர் போய்ப் பார்த்தார்கள். சாகும் நேரத்தில் அவர் தன் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். பலனை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் என்றால் அதற்கு எவ்வளவோ முன்பே மலையிறங்கிப் போயிருப்பார்கள்.

1929இல் ஜெஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்கு மரணத் தந்தி முதலில் போயிற்று. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் இவர்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்குகிறது. மிஷன் ஈவ்லினைச் சமவெளியில் பணியாற்றச் சொன்னது. கணவரும் தானுமாகப் பணி செய்யக் கனவு கண்ட ஐந்து மலைகள் ஒரு பக்கம்; தரையில் ஒப்படைத்த வேலை ஒரு பக்கம். பல ஆண்டுகள் அந்தத் தரை வேலையைச் செய்தார். அறுபத்தெட்டாம் வயதில் மலைக்கு அனுப்புங்கள் என்று கேட்டபோது, வயதாகிவிட்டது என்று மறுத்தார்கள். மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். தன் பொறுப்பில் மலையேறினார். கொல்லிமலை மட்டுமல்ல, பச்சைமலை, கல்வராயன் என்று மட்டக்குதிரையில் போனார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டு போனார்.

இதை மனவுறுதி என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் போதவில்லை. மனவுறுதிக்காரருக்குத் தன் உறுதி மேல் ஒரு கண் இருக்கும். இளமையில் அழகியாக இருந்த தன் தாய், கடைசி இருபது ஆண்டுகளாக வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். முகத்தைப் பார்க்கக்கூடாது என்று அவர் விரதம் எடுத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அடுத்த ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்று காத்திருந்தவருக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ள வேளை எங்கே இருந்திருக்கும்!

சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளி வீசியதாம். அது அவருக்கே தெரியவில்லையாம். கண்டவர்கள்தான் நடுங்கினார்கள்.

திருவிருந்துக்கு முன் நம்மை நாமே சோதித்தறிய வேண்டும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாவத்தை அறிக்கையிட்டு எழுந்துவிட வேண்டும். அங்கேயே உட்கார்ந்து இரவெல்லாம் நம் பக்தியை எடை போடுகிறபோது, ஜெபத்திலும் நாம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆண்டவர் பக்கம் முகம் திரும்புவதில்லை.

அம்மா, இன்றிரவு அந்தக் கணக்கு நோட்டை மூடி வையுங்கள். நாளைக் காலையில் உங்கள் தெருவில் யாரிடம் போகச் சொல்கிறார் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள், போய்விட்டு வாருங்கள்.

ஈவ்லின் 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். கொல்லிமலையில், 45 ஆண்டுகளுக்கு முன் தன் கணவரைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.