வீட்டுக் கணினியில் பகிர்ந்த கோப்புறை: யாருக்கு எந்த அனுமதி?



பயிற்சித்தாள், பிள்ளைகளின் படங்கள், அடுத்த மாதச் சோதனைத்தாள் என எல்லாவற்றையும் ஒரே கணினியில் போட்டு, வீட்டு வைஃபையில் பகிர்ந்து வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். வசதிதான். ஆனால் அந்த வைஃபையில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் இருப்பார்களே! தாள் வெளியே போன பிறகு, "வீட்டுலதானே வச்சிருந்தேன்" என்று சொல்லிப் பயனில்லை.

விண்டோஸையே எடுத்துக்கொள்வோம். கோப்புறையின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தைத் திறந்தால் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' என இரண்டு தாவல்கள் இருக்கும். குழப்பம் தொடங்குவதே இங்கேதான். ஷேரிங் என்பது வீட்டு வாசல் கேட்டு மாதிரி. நெட்வொர்க் வழியாக வருபவர்களை மட்டும் தடுக்கும். செக்யூரிட்டி என்பது அறைக்கதவு. வெளியிலிருந்து வருபவருக்கும் உண்டு, அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் உண்டு. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். அதனால் இரண்டில் எது கடுமையானதோ அதுதான் செல்லும். ஷேரிங்கை மட்டும் பூட்டிவிட்டு, அதே கணினியில் மகனை விளையாட விட்டால் பூட்டியும் பூட்டாத கதைதான்.

இதெல்லாம் வேலை செய்ய ஆளுக்கொரு கணக்கு வேண்டும், கடவுச்சொல்லோடு. எல்லாரும் ஆசிரியரின் கணக்கிலேயே நுழைந்தால் அனுமதி வைத்து என்ன பயன்? பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு போதும். நிர்வாகிக் கணக்கு கொடுத்தால், கோப்புறையின் உரிமையையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட முடியும்.

அடுத்தது குழு. 'ஆசிரியர்', 'பிள்ளைகள்' என இரண்டு குழுக்கள் அமைத்து, அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். டியூஷன் மாணவர் ஒருவர் நின்றுவிட்டால் குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்தால் முடிந்தது. இல்லையென்றால் இருபது கோப்புறைகளில் அவர் பெயரைத் தேடிக்கொண்டு இருக்க வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் குழு அமைக்கும் சாளரம் இல்லை, கட்டளைச் சாளரம் வழியாகத்தான் செய்ய வேண்டும். புரோ பதிப்பில் இந்தத் தொல்லை கிடையாது. குழுவில் ஒருவரைச் சேர்த்ததும் அவர் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். அதுவரை மாற்றம் தெரியாது. "சேர்த்துட்டேன், ஆனா திறக்கலையே" என்பவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்கா இரண்டு குழுக்களிலும் இருக்கிறார். செக்யூரிட்டியில் 'பிள்ளைகள்' குழுவுக்கு ரீட், 'ஆசிரியர்' குழுவுக்கு மாடிஃபை. ஷேரிங்கில் இரண்டு குழுவுக்கும் ரீட் மட்டும். தன் மடிக்கணினியிலிருந்து வரும் அக்காவால் கோப்பைத் திருத்த முடியுமா?

குழு அனுமதிகள் ஒன்றோடொன்று கூடும், ஆகவே செக்யூரிட்டியில் அவருக்கு மாடிஃபை. ஆனால் கேட்டில் ரீட்தான். எனவே படிக்கலாம், திருத்த முடியாது. அதே அக்கா அந்தக் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தால் திருத்தலாம். அங்கே கேட்டு கிடையாது. 'கூட்டுவது' ஒரு தாவலுக்குள், 'கடுமையானதை எடுப்பது' இரண்டு தாவல்களுக்கு இடையில். இதைப் பிரித்துச் சொன்னாலே விடை தெளிவாகிவிடும்.

'டினை' கட்டத்தில் கை வைக்கும் முன் யோசியுங்கள். அதே கோப்புறையில் ஒரு குழுவில் அனுமதி இருந்தாலும், இன்னொரு குழுவில் இருக்கும் டினை அதை வென்றுவிடும். 'எவ்ரிவன்' என்பதற்கு டினை போட்டால் அதில் நீங்களும் சேர்த்திதான்! ஒருவரைத் தடுக்க, பட்டியலில் அவரும் அவர் இருக்கும் குழுவும் இல்லாமல் இருந்தாலே போதும். பெயரை நீக்க விடாமல், டிக் சாம்பல் நிறத்தில் இருந்தால், அந்த அனுமதி மேல் கோப்புறையிலிருந்து வாரிசாக வந்தது என்று பொருள். 'அட்வான்ஸ்டு' பகுதியில் வாரிசுத் தொடர்பை நிறுத்திவிட்டு நீக்குங்கள். நிறுத்தும்போது கேட்கும் கேள்விக்கு, இருக்கும் அனுமதிகளை நேரடி அனுமதியாக மாற்றும் விடையைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. பிள்ளைகள் படிக்கும் கோப்புறையில் தவறுதலாகச் சேமித்த சோதனைத்தாளை, ஒரே டிரைவுக்குள் இழுத்து உங்கள் கோப்புறையில் போட்டால், அது பழைய அனுமதியோடேயே வரும். நகல் எடுத்து ஒட்டினால்தான் புதிய கோப்புறையின் அனுமதியை ஏற்கும். ஆகவே நகலெடுத்து ஒட்டுங்கள், பிறகு பழையதை அழியுங்கள். முடிந்ததும் பிள்ளையின் கணக்கில் நுழைந்து, அந்தத் தாளை நீங்களே திறந்து பாருங்கள். கணினி மறுத்தால் சரி.