ஓசூர் வானத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள்: விமான சார்ட்டை வாசிப்பது எப்படி?

ஓசூரில் இருந்து தளி செல்லும் சாலையில், பேளகொண்டப்பள்ளியில் இருக்கிறது தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் விமான ஓடுதளம். கீழே நின்று பார்த்தால் மேலே வெறும் வானம்தான். ஆனால், பயிற்சி பைலட் கையில் இருக்கும் சார்ட்டில் அதே வானம் கோடு, எழுத்து, எண்களால் நிரம்பியிருக்கும். அதை வாசிக்கத் தெரியாமல் தனியாகப் பறக்க முடியாது.

எந்தக் குறிக்கு என்ன அர்த்தம்?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த பொதுக் குறியீடுகள் இவை:

● வட்டத்தைச் சுற்றி 4 சிறு கோடுகள்: சிவில் விமான நிலையம். ஒன்றுக்குள் ஒன்றாக 2 வட்டங்கள்: ராணுவத் தளம்.

● நடுவில் புள்ளி வைத்த அறுகோணம்: வி.ஓ.ஆர். எனும் திசைகாட்டும் ரேடியோ நிலையம். அதைச் சுற்றிச் சதுரம் இருந்தால், தூரத்தையும் சொல்லும் டி.எம்.இ. கருவியும் அங்கே உண்டு.

● தலைகீழ் 'வி' வடிவம்: செல்போன் டவர், புகைபோக்கி போன்ற தடை. உச்சியில் கதிர்கள் வரைந்திருந்தால் அதில் விளக்கு எரியும்.

உயிர் காக்கும் 2 எண்கள்

தடைக் குறியின் அருகே 2 எண்கள் இருக்கும். ஒன்று, கடல் மட்டத்தில் இருந்து உச்சியின் உயரம். அடைப்புக்குறிக்குள் இருப்பது தரையில் இருந்து உயரம்.

ஓசூர் பகுதியே கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே 300 அடி டவர் என்றால், அதன் உச்சி 3,300 அடி. கடல் மட்டக் கணக்கில் செட் செய்த ஆல்டிமீட்டர் 3,500 காட்டும்போது, '300 அடி டவர்தானே' என்று நினைத்தால் ஆபத்து. டவருக்கு மேல் மிச்சம் இருப்பது வெறும் 200 அடி! எண்கள் அடியா, மீட்டரா என்பதையும் சார்ட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

பி, ஆர், டி என்றால்?

'பி' என்றால் பறக்கவே கூடாத பகுதி. 'ஆர்' என்றால் நிபந்தனையோடு பறக்கலாம். 'டி' என்றால் குறிப்பிட்ட நேரங்களில் ஆபத்து இருக்கலாம். எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை என்பதும் உடன் இருக்கும்.

ஓசூருக்கு இது ரொம்ப முக்கியம். வடக்கே பெங்களூரு; அங்கே கெம்பேகவுடா விமான நிலையம், ஹெச்.ஏ.எல். விமான நிலையம், எலஹங்கா விமானப்படைத் தளம் என மூன்றும் ஒரே வானத்தைப் பகிர்கின்றன. ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. அதற்கு நிலம் மட்டும் போதாது, வானத்திலும் இடம் வேண்டும்.

பழைய சார்ட் போதுமா?

போதாது. விமானத் தகவல்கள் 28 நாள் சுழற்சியில் திருத்தப்படுகின்றன. இடையில் வரும் அவசர மாற்றங்களை 'நோட்டம்' அறிவிப்புகள் சொல்லும். நேற்று எழும்பிய டவர் போன வருட சார்ட்டில் இருக்காது. அதனால் குறியீடுகளுக்கு முன் பார்க்க வேண்டியது, சார்ட்டில் அச்சாகியிருக்கும் தேதி.