கொலையாளியையும் தேடுகிறார்கள், கடவுளையும் தேடுகிறார்கள்!

சிகாகோ நகரில் ஒரு பேங்க். அதற்குள் ஒருவன் வெடிகுண்டுடன் புகுந்துவிடுகிறான். உள்ளே இருப்பவர்கள் எல்லாம் பணயக் கைதிகள். வெளியே போலீஸ் படை நிற்கிறது.

அவனிடம் பேசி அவனை வழிக்குக் கொண்டுவர ஒரு பெண் அதிகாரி வருகிறாள். பெயர் கேட் ஓமேலி. (ரெயில்வே கேட் அல்ல. கேதரின் என்ற பெயரை அங்கே அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவார்கள்.) பேச்சு ஒன்றுதான் அவளுடைய ஆயுதம். மாட்டிக்கொண்டவர்களில் டேவ் என்று ஒருவன். அவன் எப்.பி.ஐ. அதிகாரி.

இருவருக்கும் காதல் பிறக்கும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காதலுக்குக் குறுக்கே வருவது வில்லன் அல்ல. அவன் தினமும் ஜெபம் செய்கிறவன். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை!

டீ ஹெண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட 'தி நெகோஷியேட்டர்' நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. துப்பறிதல், காதல், கிறிஸ்தவ விசுவாசம் மூன்றையும் ஒரே கயிற்றில் முறுக்கிய இந்த வகை நாவல்களுக்கு அந்த நாட்டில் தனி வாசகர் கூட்டமே உண்டு. தனிப் பதிப்பகங்கள் உண்டு. கிறிஸ்தவ நாவல்களுக்கென்று 2000 முதல் 'கிறிஸ்டி' என்ற பரிசும் உண்டு.

சாமியார் துப்பறிந்தால்...

துப்பறியும் கதைக்குள் பக்தி நுழைந்தது புதிய செய்தி அல்ல. இங்கிலாந்தில் செஸ்டர்டன் எழுதிய பாதிரியார் பிரவுன் கதைகள் 1911-ல் புத்தகமாக வந்தன. குள்ளமான, அப்பாவி முகம் கொண்ட அந்தப் பாதிரியார் பெரிய பெரிய திருடர்களைப் பிடித்தார். பிளாம்போ என்ற பிரபல திருடன் அவரால் மனம் திருந்தி, பிறகு அவனே துப்பறிகிறவன் ஆனான். திருடனைச் சிறைக்கு அனுப்புவதைவிட அவனைத் திருத்துவதில்தான் பாதிரியாருக்கு அக்கறை.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' காவி கட்டிக்கொண்டு துப்பறிந்தவர்தான். 1950-ல் அது படமாக வந்தபோது எம்.என்.நம்பியார் விதவிதமான வேடங்களில் வந்து அசத்தியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஜோடியாகத் துப்பறிவதும் தமிழ் வாசகருக்குப் பழக்கமானதுதான். ரெயில் நிலையப் புத்தகக் கடையில் பாக்கெட் நாவல் வாங்கிப் படித்தவர்களுக்கு விவேக்-ரூபலாவையும் பரத்-சுசீலாவையும் தெரியாமல் இருக்காது. ஆனால் பரத்தும் சுசீலாவும் கிண்டல் செய்து கொள்வார்கள், சண்டை போடுவார்கள். நீ கடவுளை நம்புகிறாயா என்று ஒருவரை ஒருவர் உட்கார வைத்துக் கேட்க மாட்டார்கள். அமெரிக்க நாவல்களில் அந்தக் கேள்விதான் முக்கியம்.

சாதி அல்ல, ஜாதகம் அல்ல

நம் கதைகளில் காதலுக்குத் தடை என்றால் சாதி, சொத்து, ஜாதகம், அப்பாவின் பிடிவாதம். கேட்டுக்கும் டேவுக்கும் இவற்றில் ஒன்றும் இல்லை. இருவருக்கும் நல்ல உத்தியோகம். தடுக்க ஆள் இல்லை.

தடை பைபிளில் இருக்கிறது. கொரிந்தியருக்கு பவுல் எழுதிய இரண்டாம் கடிதத்தின் 6-ம் அதிகாரம், விசுவாசியும் அவிசுவாசியும் ஒரே நுகத்தடியில் பூட்டப்படக் கூடாது என்கிறது. ஏர் பிடித்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். உயரம் ஒவ்வாத இரண்டு மாடுகளைப் பூட்டினால் உழவு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதில்தான் எழுத்தாளருக்குச் சிக்கல். 'முதலில் கல்யாணம், கடவுளைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்' என்று நாயகன் சொல்லிவிட்டால் கதை அங்கேயே தீர்ந்துவிடும். 'உனக்காக நம்புகிறேன்' என்று நாயகி சொன்னால் அது பொய். அவள் தன் சொந்தக் காரணத்துக்காக, தன் சொந்த வழியில் அந்த முடிவுக்கு வந்தாக வேண்டும். அதைப் படிக்கிறவரும் நம்ப வேண்டும்.

நாயகி ஒரு போலீஸ் அதிகாரியாக இருப்பது சும்மா பரபரப்புக்காக அல்ல. கோவிலில் மணி அடிக்கிறவனைவிட, பிணத்தின் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கிறவளுக்குக் கேள்விகள் அதிகம். குழந்தையைக் கடத்தியவனைப் பார்த்திருக்கிறாள். கொலை செய்துவிட்டுச் சாப்பிடப் போனவனைப் பார்த்திருக்கிறாள். 'இவனும் மனம் திருந்தினால் மன்னிப்பு உண்டு' என்று ஒருவர் சொன்னால் அவள் எப்படி ஏற்பாள்? 'இதெல்லாம் நடக்கும்போது உங்கள் கடவுள் எங்கே இருந்தார்?' என்று அவள் கேட்டால், பதில் சொல்ல நாயகன் திணறத்தான் வேண்டும். திணறாமல் பதில் சொல்லும் நாவல்களும் உண்டு. அவற்றை நடுவிலேயே மூடி வைத்துவிடலாம்.

ஏழு அனாதைகள்

ஹெண்டர்சனின் ஓமேலி வரிசைக்கு அடிப்படை ஓர் அழகான கற்பனை. சிகாகோவில் ஓர் அனாதை இல்லத்தில் ஏழு பிள்ளைகள் வளர்கிறார்கள். ரத்த உறவு கிடையாது. வயது வந்ததும் ஏழு பேரும் ஒரே குடும்பமாக இருப்பது என்று முடிவு செய்து, சட்டப்படி ஒரே குடும்பப் பெயரை வைத்துக் கொள்கிறார்கள். அதுதான் ஓமேலி.

மூத்தவன் மார்க்கஸ், நீதிபதிகளையும் சாட்சிகளையும் காப்பாற்றும் மத்திய அரசின் மார்ஷல். லிசா, பிணத்தைப் பரிசோதித்து உண்மையைக் கண்டுபிடிக்கும் டாக்டர். ஜாக் தீயணைப்பு வீரன். ஸ்டீபன் ஆம்புலன்சில் போய் உயிர் காப்பவன். ரேச்சல், பேரிடரில் சிக்கியவர்களின் மனக்காயத்தை ஆற்றுகிறவள். ஜெனிபர் குழந்தை வைத்தியர்.

2000-ல் தொடங்கி 2003 வரை ஆறு நாவல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குற்றம், ஒரு காதல். 'தி கார்டியன்' கதையில் ஒரு நீதிபதி கொலை செய்யப்படுகிறார், சாட்சியான பெண்ணை மார்க்கஸ் பாதுகாக்கிறான். 'தி புரொடெக்டர்' கதையில் கட்டடங்களுக்குத் தீ வைக்கும் ஒருவனைத் தேடுகிறார்கள்.

ஊரை விட்டு வந்து, ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி, ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் லீவு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்கு ஓமேலி குடும்பம் அந்நியமாகத் தோன்றாது.

எழுதுவதை நிறுத்தியவர்

டெர்ரி பிளாக்ஸ்டாக் என்ற எழுத்தாளரின் பாதை வேறு. அவர் முதலில் வேறு பெயர்களில் சாதாரணக் காதல் நாவல்கள் எழுதிக் கொண்டிருந்தார். பெரிய கம்பெனிகள் வெளியிட்டன. ஒரு கட்டத்தில், தன் விசுவாசத்துக்கு அந்த எழுத்து ஒத்துவரவில்லை என்று அதை விட்டுவிட்டு, மர்ம நாவல் பக்கம் வந்தார். ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரத்தை நிறுத்துவது எழுத்தாளருக்கும் லேசான காரியம் அல்ல.

1998-ல் வந்த அவருடைய 'பிரைவேட் ஜஸ்டிஸ்' நாவலில், லூசியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தீயணைப்பு வீரர்களின் மனைவிமார் வரிசையாகக் கொல்லப்படுகிறார்கள். நாயகனும் நாயகியும் காதலர்கள் அல்ல. பிரிந்து வாழும் கணவன் மனைவி! அடுத்த குறி தன் மனைவியாக இருக்கலாம் என்று பயந்து கணவன் ஓடி வருகிறான். கொலைகாரனைவிட, அந்த வீட்டுக்குள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நேரங்கள்தான் படிக்கிறவரை அதிகம் உறுத்துகின்றன.

கட்டுப்பாடுகள்

காதல் நாவல்களுக்குப் பேர்போன ஹார்லிகுவின் கம்பெனி 1997-ல் 'ஸ்டீப்பிள் ஹில்' என்ற பெயரில் கிறிஸ்தவக் காதல் நாவல்களைத் தொடங்கியது. 2005-ல் மர்ம நாவல்களுக்கும் தனி வரிசை வந்தது. இந்த வகையில் கெட்ட வார்த்தை கூடாது. படுக்கையறைக் காட்சி கூடாது. கொலை இருக்கலாம், ஆனால் ரத்தத்தை வாளி வாளியாகக் கொட்டக் கூடாது. பாட்டியும் பேத்தியும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிக்கலாம்.

குறைகளும் உண்டு. சில கதைகளில் துப்பாக்கி வெடிக்கும் அதே நிமிடத்தில் நாயகிக்கு ஞானோதயம் வருகிறது. ஜெபம் செய்தால் போதும், அடுத்த பக்கத்தில் போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது. அதிகாரிகளோ பெரும்பாலும் தங்கக் கம்பிகள். போலீஸ் நிலையத்தின் வாசலைத் தனியாக மிதிக்கத் தயங்கும் ஏழை இதைப் படித்தால் சிரிப்பான்.

கேட்காத ஜெபம்

ஆனால் ஓமேலி வரிசையில் ஜெனிபரின் கதை வேறு மாதிரி. மற்றவர்களைத் தேடி வருவது கொலைகாரர்கள். ஜெனிபரைத் தேடி வருவது புற்றுநோய். முதல் நாவலிலேயே அந்தச் செய்தி வந்துவிடுகிறது.

ஏழு பேரில் முதலில் விசுவாசத்துக்கு வந்தவள் ஜெனிபர்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவள் சொல்லைக் கேட்டு யோசிக்கத் தொடங்குகிறார்கள். நம்பத் தொடங்கியவர்கள் எல்லாரும் செய்யும் முதல் ஜெபம், 'எங்கள் தங்கையைக் காப்பாற்று' என்பதுதான்.

வெடிகுண்டு வைத்தவன் அகப்படுகிறான். நீதிபதியைக் கொன்றவன் அகப்படுகிறான். தீ வைத்தவன் அகப்படுகிறான். ஆனால் தொடர் முடிவதற்குள் ஜெனிபர் இறந்துவிடுகிறாள்.

வியாபாரத்துக்காக எழுதுகிறவர் அவளைப் பிழைக்க வைத்திருப்பார். வாசகர்களும் அதைத்தான் விரும்பியிருப்பார்கள். ஹெண்டர்சன் அதைச் செய்யவில்லை. அதனால்தான் மற்ற ஆறு கல்யாணங்களையும் நம்ப முடிகிறது.

கடைசி வரை பிடிகொடுக்காமல் நிற்பவன் ஸ்டீபன். முன்பின் தெரியாதவர்களை எல்லாம் காப்பாற்றிய கைகளால் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. கடவுள் மேல் அவனுக்குக் கோபம். 2003-ல் வந்த கடைசி நாவல் 'தி ரெஸ்க்யூயர்' அவனுடையது. அதில் திருட்டு நகைகள் வருகின்றன. ஆனால் படிக்கிறவர் கவலைப்படுவது நகைகளைப் பற்றி அல்ல.

அத்தோடு ஓமேலி கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 10 ஆண்டுகள் கழித்து, 2013-ல், ஹெண்டர்சன் ஒரு சிறிய நாவலை வெளியிட்டார். அதன் பெயர் 'ஜெனிபர்'. குழந்தை வைத்தியரான அவள் டாம் என்ற டாக்டரைச் சந்தித்துக் காதலித்த கதை. முடிவு என்ன என்று பழைய வாசகர் அனைவருக்கும் முன்பே தெரியும். தெரிந்துகொண்டேதான் வாங்கிப் படித்தார்கள்.