பெருந்தமனிக்குள் ஒரு துணிக்குழாய்

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மார்பு வழியாக இறங்கி வயிற்றுக்குள் வருகிறது. முதுகெலும்பை ஒட்டியபடியே தொப்புள் மட்டம் வரை வந்து அங்கே இரண்டாகப் பிரிகிறது. அந்த இரு கிளைகளுக்கும் இலியாக் தமனிகள் என்று பெயர். இடுப்புக்கும் கால்களுக்கும் இரத்தம் போவது இவற்றின் வழியாகத்தான். வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் குறுக்களவு சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ.யைத் தொட்டுவிட்டால் அனியூரிசம், அதாவது பெருந்தமனி வீக்கம், என்கிறார்கள் மருத்துவர்கள். இலியாக் தமனியின் அளவு ஏறக்குறைய 1 செ.மீ. அதன் ஒரு பகுதி ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்தால் அதுவும் வீக்கம்தான். பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களில் சிலருக்கு இலியாக் தமனியும் சேர்ந்தே வீங்கியிருக்கும்.

தமனிச் சுவரில் விரிந்து சுருங்க ஒரு வகை நாரும், விரிவுக்கு எல்லை கட்ட இன்னொரு வகை நாரும் உண்டு. வயதாக ஆக இவை சிதைகின்றன. சிதைவை விரைவுபடுத்துவதில் முதலிடம் புகைப்பழக்கத்துக்கு. பீடியானாலும் சிகரெட்டானாலும் விளைவில் வேறுபாடு இல்லை. இரத்த அழுத்தமும் பரம்பரையும் அடுத்து வருகின்றன. அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களிடம் இது மிகுதி. சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் எதிர்பார்ப்புக்கு மாறாகக் குறைவாகவே தெரிகிறது. அரிதாகக் கிருமித் தொற்றாலும் தமனி வீங்கும். சைக்கிள் ட்யூபில் ஓரிடம் புடைத்தால் காற்று முதலில் அந்த இடத்தைத்தான் கிழிக்கும். தமனியிலும் அகலம் கூடக் கூடச் சுவரின் மீதுள்ள இழுவிசை கூடுகிறது. ஆகவே வீக்கம் தானாக வற்றுவதில்லை, வளரத்தான் செய்யும்.

இந்த நோய் சத்தம் போடுவதில்லை. மெலிந்த உடல்வாகு உள்ளவர் மல்லாந்து படுக்கும்போது தொப்புளுக்கு மேல் துடிப்பதைக் கையால் உணரக்கூடும். பெரும்பாலும் பித்தப்பைக் கல்லுக்கோ புராஸ்டேட்டுக்கோ எடுத்த ஸ்கேனில்தான் இது தற்செயலாகக் கண்ணில் படுகிறது. வெடித்தால் நிலைமையே வேறு. திடீரென்று முதுகிலோ வயிற்றிலோ தாங்க முடியாத வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை. சிறுநீரகக் கல் வலி என்று தவறாக எண்ணி நேரம் போவதும் உண்டு. வெடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. பலர் மருத்துவமனைக்கு வந்து சேர்வதே இல்லை.

அறிவியலாளர் ஐன்ஸ்டைன் இறந்தது இதனால்தான். 1948இல் அவருடைய வயிற்றைத் திறந்த ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர், வீங்கிய தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றிவிட்டார். தாளைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து சுவரை இறுக்கிப் பிடிக்கும் என்பது கணக்கு. அன்றைக்குக் கையில் இருந்த வழி அவ்வளவுதான். ஆறாண்டுக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் தமனி கசியத் தொடங்கியபோது மறுபடி அறுவை செய்துகொள்ள ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார். ஏப்ரல் 18 அன்று, 76 வயதில், காலமானார்.

அதற்குள் மருத்துவம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1951இல் பாரீசில் ஷார்ல் துபோ, வீங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இறந்தவர் ஒருவரின் தமனித் துண்டை அந்த இடத்தில் தைத்தார். ஆனால் தேவைப்படும்போதெல்லாம் தமனித் துண்டுக்கு எங்கே போவது? விடை துணியில் கிடைத்தது. ஆரணிப் பட்டு நெய்யும் சந்தவாசல் வட்டாரத்து நெசவாளர்கள் கேட்டால் மகிழக்கூடிய செய்தி, அந்தக் கதை ஒரு பட்டு நூலில் தொடங்குகிறது என்பது. 1947இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர், நாயின் இதய அறைக்குள் தவறிப்போய்த் தங்கிவிட்ட தையல் பட்டு நூலைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தார். அதன் மேல் இரத்தக்கட்டி இல்லை. மெல்லிய பளபளப்பான படலம் ஒன்று படர்ந்திருந்தது. துணியாலான குழாயின் உட்புறத்திலும் இப்படிப் படலம் படர்ந்தால் இரத்தம் உறையாமல் ஓடுமே என்று யோசித்தவர், பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்து ஒரு நாயின் பெருந்தமனியில் பொருத்தினார். அது ஒரு மணி நேரம்தான் தாங்கியது. பிறகு பாராசூட் துணியான வின்யான்-என் கைகொடுத்தது. 1952இல் முடிவுகள் வெளியாயின. ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, கடையில் நைலான் தீர்ந்துபோனதால் டேக்ரான் என்ற பாலியஸ்டர் துணியை வாங்கிவந்து வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாய் தைத்தார். நிலைத்தது அதுதான். பட்டு உடலுக்குள் ஓரிரு ஆண்டுகளில் வலுவிழக்கும். பாலியஸ்டர் பல்லாண்டு கிடக்கும்.

துணிக்குழாய் வந்தபின்னும் வயிற்றைத் திறந்தாக வேண்டியிருந்தது. மார்பெலும்பின் கீழிருந்து அடிவயிறு வரை நீளும் கீறல், பெருந்தமனியையே கிடுக்கியால் அடைத்து வைப்பது, சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, முழுதாகத் தேற மாதக்கணக்கு. இதயமும் நுரையீரலும் பலவீனமான முதியவர் இதைத் தாங்குவது கடினம். குழாயை உள்ளே இருந்தே பொருத்தினால் என்ன என்ற எண்ணம் செயலானது 1987இல். உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வொலோடோஸ், மார்புப் பெருந்தமனியில் அதைச் செய்தார். வெளியுலகம் அதை வெகுகாலம் அறியவில்லை. வயிற்றுத் தமனியில் 1990 செப்டம்பர் 7 அன்று புவெனஸ் ஐரிஸ் நகரில் ஹுவான் பரோடி செய்து, மறு ஆண்டு எழுதி வெளியிட்டார். அமெரிக்க அரசு இந்தக் கருவிகளை முதலில் அனுமதித்தது 1999இல்.

கருவியின் பெயர் ஸ்டென்ட் கிராஃப்ட். நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் அல்லது பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் படலத்தாலான குழாய் அது. அதற்கு நிடினால் என்ற உலோகக் கம்பி வளையங்கள் சட்டமாகின்றன. குளிரில் ஒடுக்கி வைத்தால் உடல் சூட்டில் பழைய வடிவத்துக்கு விரிவது நிடினாலின் குணம். பாலியஸ்டர் வகையில் நெசவு நுட்பம் தறிக்காரர்களுக்கு உடனே பிடிபடும். மேல் பாவும் கீழ்ப் பாவுமாக இரண்டு அடுக்கு. ஊடை ஓரத்தில் நிற்காமல் திரும்பி அடுத்த அடுக்குக்குள் போய்ச் சுற்றி வரும். அதனால் தையலே இல்லாத குழாய் தறியிலிருந்து இறங்குகிறது. கீழே கால்களாகப் பிரியும் இடத்தையும் இப்படி நெய்துவிடலாம்.

இந்தச் சிகிச்சையை இதய ஸ்டென்டோடு குழப்பிக்கொள்வது நம்மிடம் சாதாரணம். 2024 செப்டம்பர் 30 அன்று நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதும் இதுதான் நடந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் வீக்கம், அறுவையின்றிக் குழாய் வழியே ஸ்டென்ட் வைத்து அது முழுமையாக அடைக்கப்பட்டது என்று மறுநாள் அறிக்கை வந்தது. உடனே ‘மாரடைப்பா?’ என்று பலர் கேட்டார்கள். இதய ஸ்டென்ட் அடைபட்ட குறுகிய குழாயைத் திறந்து வைப்பது. ஸ்டென்ட் கிராஃப்ட்டின் வேலை நேர் எதிர். அகன்று நைந்த சுவருக்கு இரத்தத்தின் அழுத்தம் எட்டாமல் தடுப்பது.

வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கான செயல்முறை சி.டி. ஆஞ்சியோகிராமில் தொடங்கும். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, வீக்கம் தொடங்குமுன், நலமான தமனி குறைந்தது 1 முதல் 1.5 செ.மீ. நீளமாவது வேண்டும். குழாயின் மேல் முனை பிடித்துக்கொள்ள அதுதான் இடம். தொடை இடுக்கில் இருபுறமும் சிறு துளையிட்டு, மெல்லிய வயரை மேலே செலுத்தி, அதன் மேல் மடித்து வைத்த கருவியை ஏற்றுகிறார்கள். எக்ஸ்ரே திரையில் இடம் பார்த்து உறையைப் பின்னிழுத்ததும் குழாய் விரிகிறது. ஒரு கால் முழுதாகவும் மறு கால் குட்டையாகவும் இருக்கும். எதிர்ப்பக்கத் தொடை வழியே இன்னொரு வயரை அந்தக் குட்டைக் காலின் வாய்க்குள் நுழைப்பதுதான் கைத்தேர்ச்சியைச் சோதிக்கும் இடம். நுழைந்ததும் மீதிக் குழாய் பொருத்தப்படும். பலர் இரண்டு, மூன்று நாளில் வீடு திரும்பிவிடுவர்.

இலியாக் வீக்கத்தில் சிக்கல் கூடும். அந்தத் தமனியிலிருந்து உட்புறமாகப் பிரியும் கிளை இடுப்பு உறுப்புகளையும் பிட்டத் தசைகளையும் ஊட்டுகிறது. அதை அடைத்துவிட்டால் நடக்கும்போது பிட்டத்தில் வலி வரலாம், ஆண்மைக் குறைவும் வரலாம். ஆகவே பக்கக்கிளையுடன் கூடிய கருவியால் குறைந்தது ஒரு பக்கத்தையாவது காப்பாற்றப் பார்ப்பார்கள்.

எப்போது செய்வது? பெருந்தமனி ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ., இலியாக் தமனிக்கு 3 முதல் 3.5 செ.மீ. என்பது பொது வழக்கு. வலி இருந்தாலோ வேகமாக வளர்ந்தாலோ இந்த அளவுக்குக் காத்திருப்பதில்லை. அதற்குக் கீழ் என்றால் அவ்வப்போது அல்ட்ராசவுண்ட் போதும். புகையை நிறுத்துவதும் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் மருந்துக்கு முந்திய மருந்து.

வயிற்றைத் திறக்காமலே முடிந்தது என்பதற்காக இது முழுத் தீர்வு ஆகிவிடாது. பிரிட்டனில் நடந்த ‘எவார் 1’ ஆய்வில் முதல் 30 நாள் இறப்பு திறந்த அறுவையில் 4.7 சதவீதம், ஸ்டென்ட் கிராஃப்ட்டில் 1.7 சதவீதம். ஆனால் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால் ஸ்டென்ட் கிராஃப்ட் பிரிவில்தான் இறப்பு அதிகம். முக்கியக் காரணம், கசிவு. குழாயின் முனை நழுவலாம், இணைப்பு விலகலாம், சிறு கிளைத் தமனிகள் பின்புறமாக இரத்தத்தைத் திருப்பி விடலாம். பழைய வீக்கம் மறுபடி நிரம்பி வெடிக்கலாம். ஆகவே ஆயுள் முழுக்க ஆண்டுக்கொரு ஸ்கேன். வயது குறைந்து உடல் வலுவாக உள்ளவருக்குத் திறந்த அறுவையே சில சமயம் சரியான தேர்வு. விலையும் உண்டு. கருவிக்கே லட்சக்கணக்கில் ஆகிறது.

சிகிச்சைக்கு, சந்தவாசல் வட்டாரத்தினருக்கு அருகிலேயே வேலூரில் சி.எம்.சி. இருக்கிறது, சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் இரத்தநாள அறுவைக்குத் தனித்துறை உண்டு. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதை நாள் குறிக்குமுன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட வேண்டும். பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை அழைத்து ஒருமுறை ஸ்கேன் செய்கிறார்கள். இங்கே அந்த அழைப்பு வராது. புகைபிடித்த பழக்கமுள்ள 65 வயது ஆண்கள் வேறு எதற்காவது வயிற்று ஸ்கேனுக்குப் போகும்போது, ‘பெருந்தமனி அளவையும் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குழாய் பொருத்திக்கொண்டவர்கள் டிஸ்சார்ஜ் தாளையும் சி.டி. படத்தையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டு ஸ்கேனுக்கு அவைதான் தேவைப்படும்.