தோட்டத்துக் காவல்: அன்றும் இன்றும்

கொங்கு நாட்டில் எல்லா வீடுகளும் ஊருக்குள் இருப்பதில்லை. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் பண்ணையம் செய்யும் குடும்பங்கள் பல, நிலத்தின் நடுவிலேயே சாளை கட்டிக் குடியிருக்கின்றன. கிணறு, கட்டுத்தறி, ஆட்டுப்பட்டி, களம், வீடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பக்கத்துத் தோட்டத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலே அது அருகில் என்றுதான் கணக்கு. இப்படித் தனித்து நிற்கும் வீட்டுக்கு இரவுக் காவல் எப்போதும் தேவையாகவே இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் காவலை மனிதர்களும் நாய்களும் பார்த்துக்கொண்டார்கள். இன்று பல தோட்டங்களில் களத்து மூலையில் ஓர் இரும்புக் குழாய் நடப்பட்டிருக்கிறது. அதன் உச்சியில் சிறிய சோலார் பேனல், அதற்குக் கீழே ஒரு கேமரா. மின்கம்பியும் இல்லை, இணையக் கம்பியும் இல்லை.

அன்று ஒரு தோட்டத்து வீட்டில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். பெரியவர் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பார். பையன்கள் களத்தில் படுப்பார்கள். பண்ணையாள் குடும்பம் அதே தோட்டத்தின் ஓரத்தில் குடிசை போட்டிருக்கும். மும்முனை மின்சாரம் இரவு முறையில் வந்தால் மோட்டார் போடவும் மடை மாற்றவும் யாராவது ஒருவர் மண்வெட்டியோடு வரப்பில் நின்றுகொண்டிருப்பார். ஆகவே நள்ளிரவிலும் நிலம் ஆளில்லாமல் கிடந்ததில்லை. நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி, வாசலில் நாய், தலைமாட்டில் மூன்று பேட்டரிக் கட்டை போட்ட டார்ச். காவலுக்கென்று தனியாகச் செலவு செய்தது அந்த டார்ச்சுக்கு மட்டுமாகவே இருக்கும். அதிலும் சிக்கனம் உண்டு. வெளிச்சம் மங்கினால் கட்டைகளைக் கழற்றி முற்றத்து வெயிலில் வைப்பார்கள். சூடேறிய கட்டை இன்னும் ஓரிரண்டு இரவுக்கு வரும்.

அந்தக் காவல் பெரும்பாலும் காதால் நடந்தது. வழிப்போக்கரைப் பார்த்து நாய் குரைப்பதற்கும், வேலியோரம் பதுங்குபவரைப் பார்த்துக் குரைப்பதற்கும் வேறுபாடு வீட்டார்க்குத் தெரியும். ஒரு தோட்டத்து நாய் விடாமல் குரைத்தால் அடுத்த தோட்டத்து நாய் சேர்ந்துகொள்ளும். கட்டிலில் இருந்து எழாமலே ஒருவர் ‘ஆரப்பா அது?’ என்று குரல் கொடுப்பார். பதில் தெரிந்த குரலாக இருந்தால் மறுபடி தூக்கம். பதிலே வராவிட்டால் டார்ச் அடிப்பார்கள். இரண்டு மூன்று தோட்டங்களில் இருந்து வெளிச்சம் கிளம்பும், ஆட்கள் தடியோடு வருவார்கள்.

இதை ஒரு பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அப்போதும் ஆடு காணாமல் போனது, களத்தில் குவித்த நிலக்கடலை குறைந்தது. கண்ணால் பார்த்தவர் இல்லாததால் சந்தேகம் எளியவர் தலையில் விழுந்தது. காவலின் சுமையும் சமமாகப் பகிரப்படவில்லை. பனியிலும் தூறலிலும் பட்டியோரம் விழித்திருந்தவர் பெரும்பாலும் நிலமில்லாத பண்ணையாள்தான். அந்த இரவுக்கு அவருக்குத் தனிக் கூலி கிடையாது. அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கும் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போய் அந்த வேலையிலிருந்து விடுபட்டது நல்ல மாற்றம். பழைய காவலை நினைத்து ஏங்குபவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். திருப்பூர், கோவை, பெங்களூரு, அதற்கும் அப்பால் வெளிநாடு. பத்துப் பேர் இருந்த சாளையில் இன்று பல இடங்களில் இரண்டே பேர், இருவரும் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள். வேலி அதேதான், வீடு முன்னைவிடப் பெரிது, ஆள் மட்டும் இல்லை. இந்த வெறுமை எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கொங்கு மண்டலம் கொடுமையான வழியில் அறிந்துகொண்டது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டார்கள். 2025 கோடையில் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக வாழ்ந்த முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். அதன்பின் தோட்டத்து வீடுகளில் கேமரா வைப்பது வசதி என்ற நிலையைத் தாண்டி அவசியம் என்று ஆனது.

தோட்டங்களுக்குக் கேமரா இதற்கு முன்பே வராமல் இல்லை. 2010 வாக்கில் வசதியுள்ள சிலர் வைத்தார்கள். நான்கு கேமரா, படத்தைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர் பெட்டி, ஒரு மானிட்டர், 90 மீட்டர் ரோலாக வரும் 3+1 கேபிள். கேமராவிலிருந்து டிவிஆர் வரை ஒயர் ஓட வேண்டும். வீட்டுச் சுவருக்கு அது சரி. 200 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுமேட்டுக்கு மண்ணைத் தோண்டிப் பைப்புக்குள் விட்டாக வேண்டும். எலி கடித்தாலும் ஏர் பட்டாலும் படம் போய்விடும். போகாத நாளிலும் படத்தில் ஏறக்குறைய 4 லட்சம் புள்ளிகள்தான். வந்தது ஆள் என்று தெரியும், முகம் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே மின்வெட்டு இருந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. ஊர் இருண்டிருந்த நேரத்தில் கேமராவும் இருண்டிருந்தது. காவல் மிகவும் தேவைப்பட்ட நேரம் அதுதான்.

சூரிய மின்சாரத்தை வைத்து அந்தக் குறையைத் தீர்த்திருக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டால் அன்று ஏன் முடியவில்லை என்பது விளங்கும். ஓயாமல் ஓடும் கேமராவுக்கு 5 வாட் என்றால், ஒரு நாளைக்கு 120 வாட்மணி வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல வெயில் 4 மணி நேரம் என்று வைத்து, வழியில் போகும் இழப்பையும் சேர்த்தால் 40 வாட் பேனல் வேண்டும். அடைமழையில் மூன்று நாள் தாங்க 360 வாட்மணி சேமிக்க வேண்டும். காரீய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும், ஆகவே 12 வோல்ட், 60 ஆம்பியர்மணி பேட்டரி. அதன் எடை 20 கிலோவை ஒட்டி வரும். அதற்கொரு பெட்டி, பெட்டிக்குப் பூட்டு, மாதம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர். ஒரே ஒரு கேமராவுக்கு இவ்வளவு. போதாக்குறைக்கு, அந்த பேட்டரியே திருடனுக்கு நல்ல சரக்கு.

இடையில் மூன்று மாற்றங்கள் நடந்தன. முதலாவது பேனலில். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் சூரிய செல், தன்மேல் பட்ட வெயிலில் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. இன்று கடையில் விற்கும் பேனல் 20 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுகிறது. 2010 வாக்கில் ஒரு வாட்டுக்கு நூறு ரூபாய் அளவில் இருந்த பேனல் விலை, இன்று பெரிய பேனல்களில் முப்பது ரூபாய்க்கு அருகில் வந்துவிட்டது. இரண்டாவது மாற்றம் லித்தியம் பேட்டரி. மூன்றாவதும் முக்கியமானதும், கேமரா உறங்கக் கற்றுக்கொண்டது. இன்றைய சோலார் கேமரா நாள் முழுதும் பதிவு செய்வதில்லை. உடல் வெப்பம் அசைவதை உணரும் பிஐஆர் சென்சார் மட்டும் விழித்திருக்கும். யாராவது குறுக்கே வந்தால் அது கேமராவை எழுப்பும். பத்து, இருபது நொடி பதிவாகும், 4ஜி சிம் வழியாகக் கைபேசிக்குத் தகவல் போகும், பிறகு கேமரா மீண்டும் உறங்கும்.

இதனால் கணக்கே மாறியது. ஆள் நடமாட்டம் குறைந்த தோட்டத்தில் ஒரு நாள் தேவை 120 வாட்மணியிலிருந்து 5 வாட்மணி அளவுக்கு இறங்கியது. 40 வாட் பேனல் நின்ற இடத்தில் 6 வாட் பேனல் போதும். 20 கிலோ பேட்டரியின் வேலையை, கேமராவின் முதுகுக்குள் அடங்கும் நான்கு லித்தியம் செல்கள் செய்கின்றன. அந்தச் செல் 65 மில்லிமீட்டர் நீளம், 18 மில்லிமீட்டர் குறுக்களவு. பழைய டார்ச் கட்டையின் உயரம்தான், பருமன் அதில் ஏறக்குறைய பாதி. டார்ச் கட்டை தீர்ந்தால் குப்பைக்குப் போகும். இது நூற்றுக்கணக்கான முறை நிரம்பிக் காலியாகும், வெயிலே இல்லாவிட்டாலும் ஒரு வாரம் தாங்கும். படத்தில் இப்போது 30, 40 லட்சம் புள்ளிகள். இருட்டிலும் ஆளை அடையாளம் காட்டும் அளவுக்குத் தெளிவு. பதிவு முழுவதும் நகக்கண் அளவு மெமரி கார்டில் இருக்கிறது.

கிடைத்தவை உண்மையிலேயே பெரியவை. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரிலிருந்து காப்பர் கேபிளை அறுத்துக்கொண்டு போவது இந்தப் பகுதியில் தீராத தொல்லை. மின் இணைப்பு இல்லாத வேலி மூலையிலும் இப்போது ஒரு கண் வைக்க முடிகிறது. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. 2024, 2025ஆம் ஆண்டுகளில் விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து இழப்பீடு கேட்டார்கள். பட்டியோரத்தில் கேமரா இருந்தால் கடித்தது எது என்பதில் விவாதம் இல்லை. அன்று பார்த்தவர் இல்லாமல் ஏழையின் தலையில் விழுந்த சந்தேகத்துக்கும் இன்று இடம் குறைவு. தனியாக இருக்கும் அம்மா, இரவில் கதவு தட்டினால் திறப்பதற்கு முன்பு வாசலில் நிற்பது யார் என்று கைபேசியில் பார்க்கலாம், கேமராவின் ஸ்பீக்கர் வழியாகக் கதவுக்கு உள்ளே இருந்தே பேசலாம். இந்த நிம்மதி முன்பு எந்தப் பணத்துக்கும் கிடைத்ததில்லை.

ஆனால் நாய்க்குச் சோறு வைத்தது போல இதற்கும் கவனிப்பு வேண்டும். நம் பகுதியில் பேனல் தெற்குப் பார்த்து, 10 முதல் 15 பாகை சாய்வில் இருக்க வேண்டும். தென்னை ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தால் பேனலில் ஒரு பகுதி மறைந்தாலும் மொத்த உற்பத்தியும் சரியும், ஏனென்றால் உள்ளே செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. புழுதியும் காக்கை எச்சமும் மாதம் ஒருமுறையாவது துடைக்கப்பட வேண்டும். லென்ஸ் முன்னால் சிலந்தி கூடு கட்டினால், இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி நூலிழையில் பட்டுத் திரும்பி, படம் முழுதும் வெள்ளைப் புகையாகிவிடும். சித்திரை, வைகாசியில் இன்னொரு குறை உண்டு. மண்ணும் சுவரும் சூடேறி மனித உடலின் வெப்பத்தை நெருங்கும் நேரத்தில், ஆளையும் பின்னணியையும் பிரித்தறிய சென்சார் தடுமாறும். மாலையில் வந்தவரைக் கேமரா காட்டாமல் விட்டதற்குக் காரணம் பழுதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்தால் தகவல் போகாது. பழைய நாய் இப்படி நின்றுபோனதில்லை.

போனவற்றில் பெரியது, குரலுக்குப் பதில் குரல். அன்று சத்தம் கேட்டவரும் ஓடிவந்தவரும் ஒரே ஆள். இன்று பார்ப்பவர் ஓரிடத்தில், ஓட வேண்டியவர் வேறிடத்தில். இரவு இரண்டு மணிக்குத் தோட்டத்து வாசலில் நிழல் அசைந்தால், தகவல் 300 கிலோமீட்டர் தள்ளி உறங்கும் மகனின் தலையணைக்குப் போகிறது. அவர் விழித்துப் பார்த்தாலும் யாரை அழைப்பார்? பக்கத்துத் தோட்டத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. வாசலில் தலை உலர்த்துவதும் கட்டிலில் சாய்வதும் எங்கோ ஒரு திரையில் தெரிகிறது. பிள்ளையின் அக்கறை என்று ஏற்றுக்கொண்டாலும் முற்றம் முன்போல் தனக்கானதாக இல்லை.

திருடன் வரும் வழியும் கூடியிருக்கிறது. 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் பெரும் எண்ணிக்கையில் கைப்பற்றியது. இந்தியாவில் விற்கும் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விலை குறைவு என்று பெயர் தெரியாத கேமராவை வாங்கி மாட்டுபவர், தம் வீட்டு வாசலை யாருக்குத் திறந்துவிடுகிறோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பழைய காவலுக்குக் கண் மங்கல், கால் பலம். புதிய காவலுக்குக் கண் கூர்மை, கால் இல்லை. வெயில் அந்தக் கண்ணை ஆண்டு முழுதும் விழிக்க வைக்கும், காலை நாம்தான் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் பெற்றோரை விட்டு வெளியூரில் இருப்பவர்கள் கேமரா மாட்டும் அன்றே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். கேமரா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அம்மாவையும் அப்பாவையும் கேட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்துத் தோட்டங்களில் குடியிருப்பவர் இரண்டு பேரை நேரில் பார்த்து, அவர்கள் எண்ணைப் பெற்று, எச்சரிக்கை அவர்கள் கைபேசிக்கும் போகும்படி செய்யுங்கள். அவர்கள் தோட்டத்து எச்சரிக்கை உங்கள் பெற்றோருக்கும் வரட்டும். காவல் நிலையத்து எண்ணும் அவசர உதவிக்கான 112ம் பெரியவர்களுக்குக் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கட்டும். கேமரா காட்டிக்கொடுக்கும். காப்பாற்றுவதற்கு இன்றும் பக்கத்துத் தோட்டத்து ஆள்தான் வர வேண்டும்.