மண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு: அறப்போராட்டம் வென்றது எப்படி?

அறவழிப் போராட்டம் பற்றிக் கட்டுரை கேட்டால், "மக்கள் பொறுமையாகத் துன்பத்தைத் தாங்கினார்கள், ஆட்சியாளர் மனம் மாறியது" என்று மாணவர்கள் முடித்துவிடுவார்கள். மனம் மாறுவது எப்போதாவது நடக்கும். பெரும்பாலும் நடப்பது வேற. அநீதி தொடர்வதற்கு, அதற்கு ஆளானவர்களின் ஒத்துழைப்பும் காசும் தேவை. அதை நிறுத்தினால் என்ன ஆகும்னு மண்ட்கோமரியில் பாருங்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநில நகரம் அது. பேருந்தில் முன்வரிசைகள் வெள்ளையருக்கு, பின்வரிசைகள் கறுப்பினத்தவருக்கு. 1955 டிசம்பர் 1-இல், வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். களைப்பில் எழாமல் இருந்துவிட்டார் என்று சிலர் கதை சொல்வார்கள், அதை எழுதிடாதீங்க. பல ஆண்டுகளாக உரிமை இயக்கத்தில் உழைத்தவர் அவர். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியர் உருட்டச்சில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளைத் தயாரித்தார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. பயணிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான். நிறுவனத்தின் வருமானம் சரிந்தது.

சரி, வேலைக்குப் போவது எப்படி? முதலில் டாக்சி ஓட்டுநர்கள் பஸ் கட்டணமான 10 காசுக்கே ஏற்றிப் போனார்கள். நகர நிர்வாகம் குறைந்தது 45 காசு வாங்க வேண்டும் என்று நெருக்கியது. உடனே சுமார் 300 சொந்தக் கார்களைத் திரட்டி, ஏறும் இடங்களைக் குறித்தார்கள். மீதிப் பேர் நடந்தார்கள். கட்டுரையில் இந்தப் பகுதிக்கு இரண்டு வரி கூடுதலாகக் கொடுங்கள். ஏற்பாடு இல்லாத புறக்கணிப்பு ஒரு வாரம்கூடத் தாங்காது.

1956 ஜனவரி 30-இல் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. ஆயுதத்தோடு கூடிய கூட்டத்தை அவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அன்று கலவரம் வெடித்திருந்தால், போராட்டத்தை ஒடுக்க அதுவே நல்ல சாக்காகியிருக்கும்.

ஆனாலும் புறக்கணிப்பு மட்டுமே வென்றது என்றும் எழுதக் கூடாது. சட்டம் விழுந்தது நீதிமன்றத்தில். நான்கு பெண்கள் தொடுத்த வழக்கு அது. அவர்களில் ஒருவர் கிளாடெட் கொல்வின். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இதே மாதிரி கைதான பள்ளி மாணவி. 1956 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே நாளில் கிங் உள்ளூர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். நகர நிர்வாகம் கார் ஏற்பாட்டுக்குத் தடை கேட்டிருந்தது, தடையும் கிடைத்தது. டிசம்பர் 21-இல்தான், 381 நாள் கழித்து, மக்கள் விரும்பிய இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்தார்கள்.

வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள்: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போயிருந்தால், காரும் இல்லாமல் எத்தனை பேர் தொடர்ந்து நடந்திருப்பார்கள்?