மேடையில் ஒரே ஒரு நாற்காலி!

ஓர் ஆப்பிரிக்கப் பெண்மணி வந்து உட்காருகிறார். பேச ஆரம்பிக்கிறார். வெகுநேரம் வரைக்கும் அவர் மட்டும்தான். இத்தனைக்கும் அவர் நடிகை இல்லை!

பெல்ஜியத்தின் லீஜ் நகரில் 2000-ல் அரங்கேறிய 'ருவாண்டா 94' நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது. 'குருபோவ்' என்ற குழு போட்டது. இயக்குநர் ஜாக் டெல்குவெலரி. மொத்தம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்! மலைக்காதீர்கள்... விடிய விடிய பாரதக் கூத்து பார்த்த பரம்பரை நாம்.

நான் பார்த்தது ஒளிப்பதிவுதான். பிரெஞ்சில் எனக்கு 'போன்ழூர்' தாண்டி எதுவும் தெரியாது. ஆனாலும் அந்தம்மாவின் குரலுக்கு அகராதி தேவைப்படவில்லை.

பெயர் யோலாந்த் முகாகசானா. ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் நர்ஸாக இருந்தவர். புருஷன் ஜோசப். பிள்ளைகள் கிறிஸ்டியன், சாண்ட்ரின், நாதின். 1994-ல் நாலு பேரையுமே கொன்றுவிட்டார்கள். இவர் தப்பியது, ஹுட்டு இனப் பெண் ஒருத்தி ஒளித்து வைத்ததால்.

அந்த வருஷம் ஏப்ரல் 7-லிருந்து ஜூலை வரை சுமார் நூறு நாள். எட்டு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் டுட்சி இனத்தவர். பலரை வெட்டியது பக்கத்து வீட்டு அரிவாள். ரேடியோவில் அவர்களைக் 'கரப்பான் பூச்சி' என்று சொல்லிச் சொல்லி ஏத்திவிட்டார்கள். யார் எந்த இனம்னு எப்படித் தெரியும்? அடையாள அட்டையிலேயே இருந்ததே! 1930-களில் அதைக் கொடுத்த புண்ணியவான்கள் அப்போது ஆண்ட பெல்ஜியர்கள். அந்த நாட்டிலிருந்தே இந்த நாடகம் வந்ததை நியாயம் என்றுதான் சொல்வேன்.

நம்மூர் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டி என்ன செய்கிறாள்? செத்தவர் எப்படி நடப்பார், எதை ஆசையாகச் சாப்பிடுவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவாள். ஆனால், அதற்கு ஒரு உடல் வேண்டும், ஒரு வாசல் வேண்டும், சுற்றி உட்கார நாலு சொந்தம் வேண்டும். அந்த நூறு நாளில் யாருக்கு அது கிடைத்தது? யோலாந்த் நாடகக் கொட்டகையையே சாவு வீடாக்கிக்கொண்டார். டிக்கெட் வாங்கி வந்தவர்கள்தான் சொந்தம்!

அவருக்கப்புறம் நடிகர்கள் வந்து, இறந்தவர்களாகவே நின்று பேசுகிறார்கள்.

2004-ல், பத்தாவது நினைவு வருஷம், நாடகம் கிகாலிக்கே போயிற்று. பெல்ஜியத்தில் ஜனங்கள் கதை கேட்டார்கள். இங்கேயோ கதையே எதிரில் உட்கார்ந்திருந்தது!

'ஆறின புண்ணை எதுக்குக் கிளறணும்?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ருவாண்டாவில் ஏப்ரல் மாத நினைவுக் கூட்டங்களில் யாராவது திடீரென்று, 1994 திரும்பி வந்துவிட்ட மாதிரி அலறுவார்கள். அவர்களை அணைத்து வெளியே கூட்டிப் போவதற்கென்றே தொண்டர்கள் தயாராக நிற்கிறார்கள். இருந்தும் என் ஓட்டு யோலாந்துக்குத்தான். புண் ஆறியிருந்தால்தானே கிளறுவதற்கு?

அவராவது இருக்கிறார், சொல்கிறார். சொல்ல ஓர் ஆள்கூட மிஞ்சாத குடும்பங்கள்? படித்து முடித்த இளைஞர்கள், அவர்களும் உயிர் தப்பியவர்கள்தான், சங்கம் வைத்து ஊர் ஊராகப் போனார்கள். 'இந்த வீட்டில் யார் இருந்தாங்க? என்ன பேரு?' என்று விசாரித்து எழுதினார்கள். பூண்டோடு அழிந்த குடும்பங்கள் மட்டும் 15,000-க்கு மேல். வருஷத்தில் ஓர் இரவு, அந்தக் குடும்பங்களுக்கென்றே தனியாகக் கூடுகிறார்கள்.